எதிரிச் சொத்துக்கு நான் எழுதிய மனு

கார்கிலில் சண்டை நடந்த வருடம், நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். கணவரை இழந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுப் பத்திரம் அவருடைய அண்ணன் பெயரில் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் கராச்சிக்குப் போன அண்ணன் திரும்பவே இல்லை.

கடிதத்தில் ஒரே கேள்விதான்: உரிமையாளர் இப்போது எங்கே இருக்கிறார்?

"தெரியாதுன்னு எழுதிடுங்க, போதும்" என்றார் என் கணவர்.

நான்தான் கேட்கவில்லை. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. என் இங்கிலீஷ் மேல் எனக்குக் கர்வம். நூலகத்தில் தேடி, அறுபத்தைந்து போருக்குப் பிறகு தாஷ்கெண்டில் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையைக் கண்டுபிடித்தேன். சண்டையில் எடுத்துக்கொண்ட சொத்துகளைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று அதில் இருந்தது.

"நெஜமாவே ரெண்டு பேரும் சைன் போட்டிருக்காங்களாமா?" அக்காவின் முகம் மலர்ந்தது.

"போட்டிருக்காங்கக்கா. உள்ளதை உள்ளபடி எழுதுவோம்."

இரண்டு பக்கம் டைப் செய்தேன். கடிதம் அனுப்பிய அரசாங்க ஆபீசில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாஷ்கெண்டா? அது எந்த தாலுக் மேடம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. உடன்படிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை. உரிமையாளர் கராச்சியில் இருப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்திருப்பதால் இது எதிரிச் சொத்து, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது. அந்த மனுவைத் தவிர அவர்களிடம் வேறு ஆதாரம் கிடையாது.

சுவரில் கன்னடப் பலகை அடித்தார்கள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஷத்ருன்னு போட்டிருக்கு. யாரு, நானாமா?"

"வீட்டைச் சொல்றாங்கக்கா."

"வீடு என்னமா பண்ணுச்சு?"

அவர் லிங்கராஜபுரத்தில் தங்கை மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு முறை சும்மா பார்த்துவிட்டு வந்தேன்; மூன்றாம் முறை மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே போனேன். அவர் டீ கொடுத்தார், என் குழந்தைகளை விசாரித்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்துவிட்டேன். தங்கை மகள் கேட் வரை கூடவே வந்தாள்.

"இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா ரெண்டு நாளு அவங்க சரியா சாப்பிடறதில்ல."

நான் போகவில்லை.