வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்

காலை ஒன்பது மணிக்கு மாட்டும் ஹெட்போனை அவள் கழற்றும்போது மாலை ஐந்தாகிவிடும். மருத்துவமனையின் புற்றுநோய்ப் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருடமாக இதே வேலை. முப்பது தாண்டிய பெண்களைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டும், நாற்பதைத் தாண்டிய பெண்களை மார்பக எக்ஸ்ரேக்கு, நாற்பத்தைந்து ஆகிவிட்டால் ஆண், பெண் எல்லாரையும் வருடா வருடம் மலப் பரிசோதனைக்கு. மலம் என்றதும் எதிர்முனையில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

"எனக்கு என்னம்மா வந்துச்சு, கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு மாதிரி இருக்கிறப்பவே பார்க்கிறதுதாங்க இது."

இதையே ஒரு நாளைக்கு எண்பது முறை சொன்னால், வீட்டுக்குப் போய் வாயைத் திறக்க யாருக்குத்தான் மனம் வரும்?

கணவருக்கு நாற்பத்தைந்து ஆன வருடம் அவர் பெயரும் பட்டியலில் வந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவர், வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டார். டிக் விழாத பெயர் ஒன்று மிஞ்சினாலும் மேலதிகாரி உயிரை வாங்கிவிடுவார். வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று 'தகவல் சொல்லப்பட்டது' கட்டத்தில் டிக் போட்டாள். வீட்டுக்குப் போனாள், செருப்பைக் கழற்றினாள், அப்படியே சுருண்டு படுத்துவிட்டாள். அடுத்த வருடமும் அதே கதை. இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் அவர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் மருத்துவமனையிலேயே காட்டினாள். குடலில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

டாக்டர் கணினியைப் பார்த்தார். "ஆறு தடவை தகவல் சொல்லியிருக்காங்களே, ஏன் சார் வரல?"

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னா டாக்டர், வருஷா வருஷம் சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல" என்றார்.

"ஐயோ, பொய் சொல்றார் டாக்டர். ஒரு தடவைகூட நான் சொல்லல!"

"விடும்மா. நீ வீட்டுக்கு வர்றப்போ உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கும். சொல்லியிருந்தாலும், நாளைக்குப் பார்க்கலாம், நீ போய்ப் படுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.