ஹாரன் கேட்ட பிறகு

லூர்தம்மாளின் உடல் இன்னும் போர்ட் பிளேயரில்தான் இருக்கிறது. லாங் ஐலண்டுக்கு இன்றும் போட் இல்லை. படகுத்துறைக் கட்டுப்பாட்டு அறையில் இன்று பிற்பகல் பணியில் இருந்தவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விலக்கப்படவில்லை. அறிவிப்புப் பலகையில் நேற்று ஒட்டிய தாள் மழையில் நைந்துபோனதால் அதே வாசகத்தோடு புதிய தாளை ஒட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தின் இந்த மூலையில் வாரந்தோறும் 'இன்றைக்குக் கிடைத்தது' என்ற சமையல் பகுதியை எழுதிவந்தவர் லூர்தம்மாள். அதைப் படித்துச் சமைத்தவர்களுக்கும், படித்துவிட்டு ஏதாவது குறை சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மகள் ஜெசிந்தா மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். பிறகு, "இன்னைக்கு லாங் ஐலண்ட் போட் இருக்கா?" என்று கேட்டாள். இந்தத் தீவுகளில் செய்தியாளனாக இருப்பவனிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான். எத்தனையோ பேருக்குச் சட்டென்று பதில் சொல்லியிருக்கிறேன். அவளிடம், "விசாரிச்சுட்டுச் சொல்றேன்மா" என்றேன். போட் இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி லாங் ஐலண்டுக்கு வந்தவர் லூர்தம்மாள். கணவர் அந்தோணி அங்கே படகு இன்ஜின் மெக்கானிக். அவர் இறந்து அங்கேயே அடக்கமான பிறகு, கைக்குழந்தையாக இருந்த ஜெசிந்தாவைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேயர் வந்தார். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. கராச்சர்மாவில் வாடகைக்கு வீடு பிடித்தார். ஓய்வு பெற்ற பின்பும் பகுதியை விடவில்லை.

மருத்துவமனையில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது நல்ல மழை. மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினார்.

"ரிப்போர்ட்டரே, என்னைய லாங் ஐலண்டுல அவரு பக்கத்துல வைக்கணும். ஜெசிகிட்டயும் சொல்லிட்டேன்."

"இப்ப எதுக்குக்கா அந்தப் பேச்சு?"

"பின்ன எப்ப பேச? போனப்புறமா?"

"மழைக்காலம்க்கா. போட் எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு..."

"ஓடலன்னா காத்திருங்க. எனக்கென்ன அவசரம், ஆபீசுக்கா போறேன்? இங்கனயே வச்சிராதிய, அவ்வளவுதான்."

அதனால்தான் காத்திருக்கிறோம். சொந்தக்காரர்கள் சிலர் இங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. சாலை வழியாக ரங்கத் வரை கொண்டுபோய் அங்கிருந்து சிறு படகில் கடக்கலாம் என்றால், அந்தப் படகும் நின்றிருக்கிறது. சவக்கிடங்கின் வெளியே இருக்கும் பெஞ்சில் ஜெசிந்தா உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்து என்ன சொன்னாலும், "இன்னொரு நாள் பாக்கலாம்" என்கிறாள். அவள் சரியாகத் தூங்கவில்லை. நானும்தான்.

லூர்தம்மாள் எழுத வந்ததே ஒரு மெய்ப்புத் தாளினால்தான். அப்போதெல்லாம் சமையல் குறிப்பை மெயின்லேண்ட் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் ஒப்பேற்றுவோம். ஒரு வாரம் காய்கறி பிரியாணி. தாளை அவர் திருத்தித் தந்தபோது எழுத்துப் பிழை ஒன்றும் குறிக்கப்படவில்லை. ஓரத்தில், 'இதெல்லாம் எங்கே இருக்கிறது?' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆசிரியர் கூப்பிட்டார்.

"என்னம்மா, பிழை திருத்தச் சொன்னா கேள்வி கேட்டு வச்சிருக்கீங்க?"

"பிழையத்தான் சார் சொல்லுதேன். கேரட்டு, பீன்சு, பச்சைப் பட்டாணி. கப்பல் வந்து எவ்வளவு நாளாச்சு? இதப் படிச்சிட்டு ஒருத்தி பையத் தூக்கிட்டு மழையில மார்க்கெட்டுக்குப் போவா. அங்க பூசணிக்காயும் சேம்புத்தண்டும்தான் கெடக்கு."

"அப்ப நீங்களே எழுதுங்க."

"பூசணிக்காயப் பத்தியா?"

"கிடைக்கிறதப் பத்தி."

அடுத்த வாரம் பூசணிக்காயைப் பற்றித்தான் எழுதினார். தோலைக்கூட விடவில்லை. துவையல் அரைக்கச் சொன்னார்.

அவர் பகுதிக்கு ஒரு விதி இருந்தது. அன்று காலை சந்தையில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார். கப்பலில் வந்துகொண்டிருப்பதை எழுத மாட்டார். சென்னையிலிருந்து வெங்காயம் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றாலும் அவருக்கு அது வெங்காயம் ஆகாது. மூட்டை தரையில் இறங்க வேண்டும்.

அந்த விதியை அவர் லாங் ஐலண்டிலிருந்து கொண்டுவந்தார். அங்கே விருந்தாளி வருகிறார் என்றால் மசாலா அரைத்து வைப்பார்கள், காய் நறுக்கி வைப்பார்கள், விறகு அடுக்கி வைப்பார்கள். அடுப்பை மட்டும் பற்றவைக்க மாட்டார்கள். போட் நெருங்கி ஹாரன் அடித்த பிறகுதான் தீ, அதற்குப் பிறகுதான் உலை. பயணிகள் இறங்கி, மூட்டையை இறக்கி, படகுத்துறையிலிருந்து நடந்து வீடு வந்து சேர்வதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கு இது தெரியாது. ஊரிலிருந்து தம்பி வருகிறான் என்று காலையிலேயே பெரிய பானையில் சோறு வடித்துவிட்டார். போட் வரவில்லை. கதையை என்னிடம் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

"அந்தச் சோத்த அந்த மனுசன் மறுநா ராத்திரி வரைக்கும் தின்னாரு. தண்ணி ஊத்தித் தின்னாரு, தாளிச்சுத் தின்னாரு, ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்து வீட்டு ஷெஃபாலிதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொன்னா, 'பஹேலே ஹாரன், பாத் மே சாவல்'னு. முதல்ல ஹாரன், பிறகு அரிசி. எனக்கு அப்ப ஹிந்தி ஒரு எழவும் தெரியாது. ஆனா அது புரிஞ்சிட்டு."

அந்த விதியை அவரே ஒரு முறை மீறினார். ஏதோ பண்டிகை வாரம். உருளைக்கிழங்கு ஏற்றிய கப்பல் புதன்கிழமை வரும் என்று அறிவித்திருந்தார்கள். சந்தையில் பல நாளாக உருளைக்கிழங்கே இல்லை. ஜனங்கள் ஆசையாக இருக்கிறார்களே என்று நினைத்து போண்டாவுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். காற்றழுத்தத் தாழ்வு வந்தது. கப்பல் வரவில்லை.

திக்லிபூரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். எங்கள் பத்திரிகை பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். அவர் படித்துவிட்டு, மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு போண்டா என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்தான் தொலைபேசியை எடுத்தேன். "அந்த லூர்து அக்காகிட்ட குடுங்க" என்றார். அக்காவிடம் கொடுத்தேன். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"ஏன்க்கா, உங்கள நம்பித்தானே சொன்னேன். மார்க்கெட்ல ஆலு கேட்டா, அவன் என்னப் பாத்துச் சிரிக்கிறான்."

"தப்புதாம்மா. வீட்டுல என்ன இருக்கு?"

"ஈரப்பலாக்காய்தான் மரத்துல தொங்குது."

"வேக வச்சு மசிச்சிரு. பச்சமிளகா, இஞ்சி, கொஞ்சம் தேங்காப்பல்லு. உருட்டிக் கடலை மாவுல முக்கிப் போடு. போண்டான்னே சொல்லிக் குடு. உருளைக்கிழங்குன்னு மட்டும் சொல்லிராத."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்கும் போண்டாவுக்கும் தொடர்பில்லை என்று அந்தப் பெண்ணே பிறகு ஒரு நாள் அழைத்துச் சொன்னார். ஆனாலும் அடுத்த வாரப் பகுதியின் முதல் வரியாக லூர்தம்மாள், 'போன வாரம் கப்பல் வரும் முன்பே எழுதிவிட்டேன். என் தவறு' என்று போட்டார். வேண்டாம், இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். "சிரிச்சானாம்லா சார், அவளப் பாத்து" என்றார் அக்கா. ஆசிரியர் அந்த வரியை அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

கராச்சர்மா வீட்டுக்கு நான் பெரும்பாலும் களைத்துப்போய்த்தான் போவேன். போட் நின்ற நாட்களில் படகுத்துறையில் பகல் முழுவதும் நிற்க வேண்டியிருக்கும். நோயாளியோடு நிற்பவர்கள், பரீட்சைக்குப் போக முடியாதவர்கள் என்று எல்லாரிடமும் பேசி எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தால், இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்க மாட்டார். தேங்காய்ப்பால் கஞ்சி இருக்கும். தணலில் சுட்ட கருவாடு இருக்கும். பப்பாளிக்காயைத் துருவி மிளகு தட்டிப் போட்ட பொரியல் இருக்கும்.

"கடையில வாங்குன சாமான்னு இதுல எதுவும் இல்ல, ரிப்போர்ட்டரே. உப்பும் மிளகும் தவிர."

"அரிசி?"

"அது ரேசன். கணக்குல வராது."

அந்த வீட்டில் பாதிப் பொருட்கள் கடல் கொண்டுவந்து கொடுத்தவை. வலையிலிருந்து அறுந்து ஒதுங்கிய மிதவையைப் பாதியாக அறுத்துச் சோப்புக் கிண்ணம் செய்திருந்தார். வேறு தேசத்து எழுத்து அச்சடித்த தெர்மோகோல் மீன்பெட்டி ஒன்று கார்பின்ஸ் கோவ் கரையில் கிடைத்ததாம். அதில் மண் நிரப்பி பர்மா தனியா வளர்த்தார். மெயின்லேண்டிலிருந்து கொத்துமல்லி வராத வாரங்களில் இங்கே எல்லார் வீட்டிலும் அந்த நீள இலைதான் மணம் கொடுக்கும். மழைக்காலத்தில் உப்பு கசியாமலிருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டிருப்பார். தீப்பெட்டிக்கு அரிசி டின்னில்தான் இடம். இவை எல்லாவற்றையும் பகுதியில் எழுதியிருக்கிறார். இப்போது என் வீட்டு உப்பு ஜாடியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

இன்று காலை, படகுத்துறைக்குப் போவதற்கு முன்னால் சந்தைக்குப் போனேன். இந்த வாரம் இந்த மூலையில் அவர் எழுதவேண்டியதை யாராவது பார்த்தாக வேண்டும். பூசணிக்காய் இருந்தது. சேம்புத்தண்டு, முருங்கைக்கீரை, வாழைப்பூ, பப்பாளிக்காய் இருந்தன. சிறு படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் இல்லை. கருவாடு இருந்தது, கொஞ்சம் ஈரமாக. வீட்டில் ஒரு முறை தணலில் காட்டிக்கொள்ளலாம். வெங்காயம் பழையது, அடியில் முளைவிட்டிருந்தது. தக்காளி வரும் என்று கடைக்காரர் சொன்னார். இன்னும் வரவில்லை.

அங்கிருந்து சவக்கிடங்குக்குப் போனபோது ஜெசிந்தா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். லாங் ஐலண்டிலிருந்து ஷெஃபாலி. வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் கத்தித்தான் பேசுகிறார். எனக்கும் கேட்கட்டும் என்று ஜெசிந்தா தொலைபேசியைத் தள்ளிப் பிடித்தாள். குழி வெட்ட அந்தோணிக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டார்களாம், மழை என்பதால் இன்னும் வெட்டவில்லையாம். உடலோடு வருகிறவர்களுக்குத் தன் வீட்டில்தான் சாப்பாடு என்றார். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்.

"எப்ப வருவோம்னே தெரியல, மாசி" என்றாள் ஜெசிந்தா, ஹிந்தியில். மாசி என்றால் சித்தி.

"துஜ்ஸே கிஸ்னே பூச்சா?" என்றார் ஷெஃபாலி. எப்போது என்று உன்னிடம் யார் கேட்டார்கள்? "ஹாரன் ஹம் சுன் லேங்கே." ஹாரனை நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

ஜெசிந்தா அழுதாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அழுததை நான் பார்த்தது அப்போதுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கராச்சர்மா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, அந்த மீன்பெட்டியை எடுத்துப் போய் மழை நேராக விழாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னாள். "அழுகிடும் அங்கிள். அம்மா இருந்தா நகட்டி வச்சிருப்பாங்க." இப்போது அது என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தவை அந்தப் பெட்டியும், கண்ணால் பார்ப்பதற்கு முன் எழுதாதே என்ற பிடிவாதமும்தான். பெட்டியைக் காப்பாற்றுவது சுலபம்.

நாளை, புதன்கிழமை மாலை, வானிலைக் குறிப்பு வந்த பிறகு முடிவு தெரியும் என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். எச்சரிக்கையை விலக்கினால் முதல் போட் வியாழக்கிழமை விடியற்காலையில். உடலை ஏற்றிச் செல்ல ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். வழியனுப்ப வர விரும்புகிறவர்கள் கிளம்பும் முன் படகுத்துறையில் ஒரு முறை விசாரித்துக்கொள்ள வேண்டும். 'வியாழனன்று அடக்கம்' என்று தலைப்பு வைத்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

லாங் ஐலண்டில் விறகை உள்ளே எடுத்து அடுக்கிவிட்டார்கள் என்று ஷெஃபாலி சொன்னார். மசாலா அரைத்தாகிவிட்டது. அரிசி இன்னும் சாக்கில்தான் இருக்கிறது.