ரெண்டு லைனாப் பிரிச்ச பனியன்

பனியன் கம்பெனில துணி பிரிஞ்சா தச்சுக்கலாமுங்க, டைலருங்க பிரிஞ்சா என்ன பாடுன்னு லைன் பாக்கற உங்களுக்கெல்லாம் நாஞ் சொல்லோணுமாக்கும்.

செவுரு

எங்க யூனிட்டுல பனியனுக்குக் கைத் துணி வெச்சுத் தைக்கறது சுனிலு, பீகார்ப் பையன். அடுத்த மெசின்ல அடி மடிச்சுத் தைக்கறது செல்வராசு, மதுரைப் பக்கம். இவன் கோணத் தச்சா பிரிச்சுத் தைக்கற ஆல்டர் வேலை அவன் தலைல உளுகும். பீஸ் ரேட்டுக்கு ஓட்டறவனுக்குக் கோவம் வராதா? தெனமும் சண்டை. கடேசில மதுரைக்காரங்களுக்கு ஒரு லைனு, பீகார்ப் பசங்களுக்கு ஒரு லைனுன்னு ஓனரு பிரிச்சு உட்டுட்டாரு.

எனக்கு அப்பவே மனசு ஒப்பலைங்க. எங்க சம்பந்தி ஊடு வெள்ளகோவிலு. அங்க அண்ணந்தம்பி சண்டைல தோட்டத்து நடுவுல செவுரு வெச்சாங்க. கெணறு அண்ணனுக்கு, மோட்டார் சுச்சு தம்பிக்கு. அந்த வருசம் வெங்காயம் பூராங் காஞ்சு... அது பெரிய கதை, உடுங்க. ஓனருகிட்ட இதச் சொன்னேன். சிரிச்சுட்டு, "இங்க கெணறும் இல்ல, மோட்டாரும் இல்லீங்கம்மா, நீங்க போயி லைனப் பாருங்க"ன்னாரு.

ரெண்டு நீலம்

துணி நீலந்தான். ஆனா சாயப்பட்டறைல ரெண்டு தடவையா முக்குனது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதுக்குத்தான் கட்டிங்குல ஒடம்புத் துணிக் கட்டையும் கைத் துணிக் கட்டையும் ஒரே நம்பர் போட்டு ஜோடியா அனுப்புவாங்க. ரெண்டு லைனுக்கும் வந்த போட்டில, காலைல முந்தி வந்தவன் கைக்குச் சிக்குன கட்டத் தூக்கிட்டுப் போயிட்டான். டியூப் லைட்டுல ஒண்ணுந் தெரியல. செக்கிங் பாக்கற பாத்திமா ஒரு பீஸ வெய்யில்ல புடிச்சுக் காட்டுனா. ஒடம்பு கொஞ்சங் கருத்த நீலம், கையி கொஞ்சம் வெளுத்த நீலம். அடுத்த லைன் பீஸுல அப்படியே தலைகீழு.

மறுநா மத்தியானம் சரக்கு வாங்கற பையர் ஆளு இன்ஸ்பெக்சனுக்கு வாராரு. பெயிலானா ஆர்டரு போயிரும், யூனிட்ட மூடறதத் தவுத்து வழியில்லைன்னு ஓனரு முன்னயே சொல்லியிருந்தாரு. எனக்கு ஒரு எடத்துல நிக்க முடியலீங்க. வாசக் கேட்டுக்கும் அயர்னிங்குக்கும் நடக்கறேன். பேத்தி போன் அடிக்கறா, எடுக்கலை. இவிங்களோ நீதான், நீதான்னு கத்தறாங்க. பாத்திமா எங் காதுக்கிட்ட வந்து, "ஏனுங்கம்மா, இவிங்களுக்கு வேணுங்கற கையி அவிங்ககிட்ட இருக்குது, அவிங்களுக்கு வேணுங்கறது இவிங்ககிட்ட இருக்குது. ஆனா வாயத் தொறந்து யாரு கேக்கறது?"ன்னா.

கேட்டுக்கிட்ட ஒரு டேபிளு

நான் யாரையுங் கேக்கச் சொல்லலீங்க. ரெண்டு லைன் பீஸையும் அள்ளியாந்து, கேட்டு வெளிச்சத்துல ஒரே டேபிள்ல கொட்டீட்டேன். செல்வராசு ஆளுக கையப் பிரிக்கோணும், சுனில் ஆளுக சரியான கைய வெச்சுத் தைக்கோணும். மெசின் கத்தி துணி ஓரத்துல பட்டா அளவு கொறைஞ்சு போகும், பதனமாத் தைக்கோணும். பாஸானா எல்லாத்துக்கும் வேலை, இல்லாட்டி எல்லாரும் பையத் தூக்கிட்டு வேற கம்பெனி தேடறதுதான்னேன்.

ஒருத்தனும் அசையல. வெய்யிலு எறங்கிட்டே இருக்குது. இருட்டிப் போச்சுன்னா நெறம் தெரியாதுங்களே. செல்வராசு மூஞ்சியத் திருப்பிக்கிட்டே ஒரு பீஸ எடுத்து நூலை உருவுனான். எதுத்தாப்புல நின்ன சுனிலு நெறம் சேர்ற கைத் துணி ஒண்ண எடுத்து நீட்டுனான். "அண்ணா, நீ ஒடம்பு பிடி, நான் கை பிடி. சண்டை நாளைக்கு."

பாஸான பொறகு

மறுநா மத்தியானம் இன்ஸ்பெக்சன்காரரு பெட்டியப் பிரிச்சு, ஒவ்வொரு பீஸா ஜன்னலுக்குக் கொண்டு போயிப் பாத்தாரு. நான் கும்புடாத சாமியில்ல. பாஸுன்னு கையெழுத்துப் போட்டாரு. ஓனரு சந்தோசத்துல, இனியும் ரெண்டு லைனாவே ஓடட்டும், சண்டையில்லாம இருக்கும்னாரு. நான் பேச வாயெடுக்கறதுக்குள்ள செல்வராசு முந்திக்கிட்டான். "அந்தப் பயல என் பக்கத்து மெசின்லயே போடுங்க சார். தப்பாத் தச்சா உக்காந்த எடத்துலயே வையணும், அந்த லைன் வரைக்கும் எவன் நடக்குறது?"

ஒத்துமை ஒத்துமைங்கறாங்களே, அது சண்டைக்காரங்கள கை எட்டற தூரத்துல உக்கார வெச்சுட்டு நாம தூக்கமில்லாமக் கெடக்கறதுதானுங்க.