காலியாக இருக்க வேண்டிய அறைகள்

ஹில்க்கா கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவள். ஓலு நகரத் துறைமுகத்துக்குப் பின்னால், மீன்பிடிப் படகுகளுக்கு வழிகாட்டும் பெட்டிகள் செய்கிற சின்ன அலுவலகத்தில், இருபத்தாறு வருடமாக ஒரே ஜன்னலோரம் அவள் இடம். பெட்டிக்குள் ஓடும் கெர்னல், மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்க்கும் அடிநிரல், அவள் பொறுப்பு. அதிலும் நினைவகம் மட்டும்: யாருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, யாரிடமிருந்து எப்போது திரும்பப் பிடுங்குவது. வேலை என்ன என்று யாராவது கேட்டால், "வாடகை வாங்காத வீட்டுக்காரி" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை.

அவளுக்கு நினைவகம் ஓர் ஊராகத்தான் தெரியும். ஒரே அளவில் லட்சக்கணக்கான அறைகள். வரைபடம் காட்டும் நிரல் வந்து எட்டு அறை கேட்கும். பெரிய கூடத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, எட்டு வந்ததும் கெர்னல் சாவியைக் கொடுக்கும். வேலை முடிந்து அறைகள் காலியானால், பிரித்த மறுபாதியும் காலியா என்று எட்டிப் பார்க்கும். காலி என்றால் நடுச்சுவர் மறைந்துவிடும். அப்படியே அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். மே மாதக் கடைசியில் கடலிலிருந்து பனிமூட்டம் எழுந்து ஜன்னலை மூடும் நாட்களில், சுவர்கள் சத்தமில்லாமல் மறைவதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். சம்பளமும் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு வேலை யாருக்கு வாய்க்கும்?

ஊரின் கடைக்கோடியில் ஒரு வரிசை அறைகள் மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் சாதாரண ஆட்களுக்கு அங்கே இடமில்லை. உள்ளே போய் வேலை செய்தால் வேறு அறைகள் காலியாகும் என்கிறவர்களுக்கு மட்டும்தான் சாவி.

இந்த வசந்தத்தில் புது வரைபடம் வந்தது. பெரிசு, இருந்த இடம் போதவில்லை. வரைபடப் பொறுப்பாளர் ரெய்னோ அவள் மேஜையில் சாய்ந்து நின்றார்.

"அந்தப் பூட்டின அறைல எட்டு மெகாபைட் சும்மா கெடக்கே ஹில்க்கா? யாருக்குப் பொத்திப் பொத்தி வச்சிருக்க?"

"யாருக்கும் இல்ல. அதுதான் அதோட வேலையே."

"நல்ல வேலை! எனக்கும் அப்படி ஒண்ணு பாத்துக் குடு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மெகாபைட்டை வெறும் கால் மெகாபைட்டாகக் குறைத்து, மீதியை வரைபடத்துக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தாள். பெட்டி தடங்கலில்லாமல் ஓடியது. முதல் பெட்டியை வழக்கம்போல் தன் கணவன் வெய்க்கோவிடம் கொடுத்தாள். அவன் ஹைலூதோ தீவுப் பக்கம் வலை போடுகிறவன். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வான்.

பெட்டியைக் கொடுத்த மூன்றாம் நாள் காலை, பதினொன்றரை மணி. வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடமே காணோம். காபி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடி ரெய்னோ வந்தார். அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: டப்பாவில் கடைசிக் கரண்டி, தூள் வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு. ஹில்க்கா போட்ட சட்டம்தான். அவள் வீட்டிலும் அதே சட்டம்.

"நேத்து வந்த விருந்தாளிக்குக் கடைசிக் கரண்டியப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றார் ரெய்னோ. "இன்னிக்கு என் முறை. காபி குடிக்காம எனக்குக் காலே நகராது. காபி குடிக்கணும்னா கடைக்குப் போகணும். கடைக்குப் போகணும்னா காபி குடிக்கணும். இப்படியே உக்காந்து சாக வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்க்கா சிரிக்கவில்லை. அவள் கண்முன் அந்த நினைவக ஊரில் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வந்தது.

படகு போன பாதையைப் பெட்டி குறித்துக்கொண்டே போகும். இடம் நிரம்பினால் பழைய பாதையைச் சேமிப்பு அட்டையில் எழுதிவிட்டு அறைகளைக் காலி செய்யும். எழுதுவதற்கே சில அறைகள் வேண்டும். அந்தச் சில அறைகளைத்தான் அவள் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மேஜைமேல் வைத்த பெட்டி எங்கே நகர்ந்தது? அதற்குப் பாதையே கிடையாது. கடலில் அப்படியில்லை. இடம் கிடைத்தால் எழுதலாம், எழுதினால் இடம் கிடைக்கும் என்று பெட்டி உறைந்து நிற்கும். திரையில் கடைசிப் படம் மட்டும், நல்ல பிள்ளையாக, அப்படியே இருக்கும். அதை நம்பி வெய்க்கோ பாறைகளுக்கு நடுவே படகு ஓட்டிக்கொண்டிருப்பான்.

அவன் தொலைபேசி அணைந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு இன்ஜினை நிறுத்திக் காபி குடிக்கும்போதுதான் அதைப் போடுவான். முப்பத்தோரு வருடப் பழக்கம். கடல் மீட்புக்காரர்களைக் கூப்பிட்டாள். கிளம்புகிறோம், எந்தப் பக்கம் தேட என்றார்கள். அவளுக்கும் தெரியவில்லை.

அரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. கடல், வானம், கரை எல்லாவற்றுக்கும் நடுச்சுவர் மறைந்துபோயிருந்தது. அவளுக்கு இத்தனை நாள் பிடித்திருந்த காட்சி அது. இன்று அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெய்க்கோவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

பன்னிரண்டு அடித்து நான்கு நிமிடம் கழித்து அவன் பக்கம் மணி போனது, எடுத்தான்.

"என்ன ஹில்க்கா, அதிசயமா இருக்கு? மீனெல்லாம் பயந்து ஓடிடும்."

"பெட்டில கடிகாரம் என்ன காட்டுது?"

"ஒன்பது நாப்பது... அட! அதான் எவ்ளோ ஓட்டியும் நகரவே மாட்டேங்குதா? நீரோட்டம்னுல்ல நெனச்சேன்."

"இன்ஜினைப் போடாத. நங்கூரத்தை இறக்கு. இப்பவே, வெய்க்கோ!"

சங்கிலி இறங்கும் ஓசை கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "ஆலாப் பறவை கத்துது. பாறைல கூடு கட்டுற ஆலாவுக்கு நடுக்கடல்ல என்ன வேலை?"

"பெட்டிய அணைச்சுட்டுத் திரும்பப் போடு."

பெட்டி மறுபடி உயிர் பெறும் சின்ன ஒலி கேட்டது.

"பாறை" என்றான். "நேர் எதிர்ல. முப்பது மீட்டர்கூட இருக்காது."

ஹில்க்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் இருக்கும் இடத்தைக் கேட்டுக் கடல் மீட்புக்காரர்களுக்குச் சொன்னாள்.

மாலையில் மீன் சூப்பை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நான்தான் குறைச்சேன்" என்றாள். "ரெய்னோ கேட்டாரு. ஆனா குறைச்ச கை என்னோடது."

"ம்" என்றான் வெய்க்கோ. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அலுவலகத்தில், பெட்டியில் பூட்டிய அறைகளை மறுபடி எட்டு மெகாபைட்டாக்கினாள். இம்முறை பொய்யாக ஒரு நாள் முழுதும் படகோட்டி, இடத்தை நிரப்பி, அது எழுதிக் காலி செய்கிறதா என்று பார்த்தாள். செய்தது. அன்றிரவு பெட்டியை வீட்டுச் சமையலறை மேஜைமேல் வைத்தாள். எடு என்று சொல்ல வாய் வரவில்லை.

விடிந்து அவள் எழுந்தபோது வெய்க்கோ கடலுக்குப் போயிருந்தான். அடுப்பு சில்லென்று கிடந்தது. காபி டப்பாவைத் திறந்தாள். நேற்று தூள் வாங்கி வருகிறேன் என்று சொன்னவள் மறந்தே போயிருந்தாள். அடியில் ஒரே ஒரு கரண்டித் தூள், தொடாமல் இருந்தது. இந்த வாரம் கடைக்குப் போகும் முறை அவளுடையது. காபி குடிக்காமல் வெய்க்கோ கடலுக்குப் போய் அவள் பார்த்ததே இல்லை.

திரும்பி மேஜையைப் பார்த்தாள். பெட்டி அங்கே இல்லை.

ஹில்க்கா அழுதுகொண்டே அந்தக் காபியைப் போட்டுக் குடித்தாள். குடித்துவிட்டுக் கடைக்குப் போனாள்.