ரங்கூன் பயில்வானை நான் தோற்கடித்தது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, நானூற்றுப் பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பயில்வானை நான் தோற்கடித்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு வயது அறுபத்தெட்டு. பஞ்சுக் கிட்டங்கித் தராசில் ஏறி நின்று பார்த்ததில் என் எடை தொண்ணூற்றாறு ராத்தல். பயில்வான் இருநூற்று முப்பத்து நாலு. ஆனாலும் தோற்கடித்தேன். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்… உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பயில்வான் பெயர் காசிம். சொந்த ஊர் வீரசோழன். எட்டு வயதில் மாமாவோடு ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அங்கேயே குஸ்தி பழகி, பதினேழு வருஷம் மேடையில் மல்லுக்கட்டி, ஒருவரிடமும் தோற்காமல் ஓய்வு பெற்றார். பிறகு சொந்தமாக ஒரு நைட் கிளப் தொடங்கினார்.

நைட் கிளப் என்றால் என்ன? நானும் அவரிடம் இதைத்தான் கேட்டேன். இருட்டிய பிறகு திறக்கிற ஹோட்டலாம். பியானோ, பாட்டு, டான்ஸ், வெள்ளைக்காரர்கள் கூட்டம்.

"குடிச்சிட்டுச் சண்டை போடுறவனைத் தூக்கி வெளிய போடுறதுக்கு எல்லா கிளப்புலயும் ஆளு வச்சிருப்பாங்க சார். நான் வைக்கலை. நானே போட்டுருவேன்" என்றார்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதில் கிளப் போயிற்று. காசிம் பாய், அங்கே பியானோ வாசித்த ரோஸியம்மாள், அந்த அம்மாளின் கணவர்—மூன்று பேரும் மற்ற எத்தனையோ பேரைப் போல நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஊர் ஊராகக் குஸ்தி ஷோ நடத்துகிறார்கள். கணவர் வாசலில் டிக்கெட் கிழிப்பார். அம்மாள் ஆர்மோனியம். மெத்தை மேல் ஏறுவது காசிம் பாய். எதிர்த்து ஆடுவது உள்ளூரில் தைரியம் உள்ள எவனாவது ஒருவன். மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வேண்டியிருப்பதால் நைட் கிளப் முதலாளி இப்போது பட்டப்பகலில்தான் ஷோ நடத்துகிறார்!

எங்கள் அருப்புக்கோட்டைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு பழைய பஞ்சுப் பேட்டையைப் பிடித்து, சுற்றிலும் பனையோலைத் தட்டி கட்டினார். அதுவரை ரோஸியம்மாளின் கணவர்தான் எண்ணினாராம்; சொந்த ஆள் எண்ணினால் கூட்டம் நம்பவில்லை என்று போன வாரம், கள்ளம் இல்லாமல் எண்ணக்கூடிய ஆள் இந்த ஊரில் யார் என்று விசாரித்தாராம். ஆறு பேரைக் கேட்டதில் ஆறு பேரும் என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். பஞ்சு மண்டியில் நாற்பத்தொரு வருஷம் பொதி எண்ணியவன் நான். ஒரு பொதி தவறியதில்லை.

குஸ்தியில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? நம் பக்கத்துக் குஸ்தியில் ஒன்றும் இல்லை. முதுகில் மண் ஒட்டினால் தோல்வி, முடிந்தது கதை. ஆனால் காசிம் பாயின் ஆட்டம் கான்வாஸ் மெத்தை மேல். உள்ளே நம் ஊர்க் கழிவுப் பஞ்சு. மண்ணுக்கு எங்கே போவது? ஆகவே, விழுந்தவனின் இரண்டு தோளும் மெத்தையில் பட்டிருக்கும்போது நடுவர் மூன்று எண்ண வேண்டும். அதற்குள் புரண்டால் பிழைத்தான். புரளாவிட்டால் தோற்றான்.

"ஒரு விஷயம் உங்களுக்கு மட்டும் சொல்றேன் சார்" என்றார் காசிம் பாய். "ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு தடவை நானாவே விழுந்து கிடப்பேன். நீங்க ஒண்ணும்பீங்க, மூச்சை இழுப்பேன். ரெண்டும்பீங்க, புரண்டுருவேன். பாக்குறவனுக்கு உயிர் போய் உயிர் வரணும்ல?"

"தப்பித் தவறி மூணு ஆயிருச்சுன்னா?"

"ஆனதில்லை. ஆகவும் கூடாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "கிளப்பு போச்சு, வீடு போச்சு. தோக்காத ஆளுங்கிற பேரு ஒண்ணுதான் சார் என்கூடவே நடந்து வந்துச்சு. அதைக் காட்டித்தான் மூணு பேரு கஞ்சி குடிக்கிறோம்."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனிதனால் நிம்மதியாக இருக்க முடியுமா? நான் கவலைப்பட்டேன். மெத்தையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டும்போது வேட்டி சிக்கினால் என்ன செய்வது? முழங்கால் மடங்குமா? மடங்கினால் மறுபடி நிமிருமா? மொத்தம் ஒன்பது கவலை. எண்ணுவதைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. எண்ணத்தான் எனக்குத் தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமை. நடுவராக எனக்கு அதுதான் முதல் ஆட்டம். ரோஸியம்மாள் ஆர்மோனியம் வாசித்து முடித்தாள். "யாராவது வாரீங்களா?" என்று காசிம் பாய் கூப்பிட்டார். பாலவனத்தத்துக்காரன் இருளப்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். மில்லில் லோடு ஏற்றுகிறவன். இருபத்தைந்து வயது. பஞ்சுப் பொதி அவனுக்குத் தலையணை மாதிரி.

"ஏலே இருளப்பா, பொதியைத் தூக்குற மாதிரி தூக்கிறாத! பாய்க்கு வயசாயிருச்சு!" என்று கூட்டத்தில் ஒருவன்.

"பொதின்னா சும்மா கிடக்கும்லே. இது திமிருது!" என்றான் இருளப்பன், காசிம் பாயின் பிடிக்குள் இருந்தபடியே.

கூட்டம் உருண்டு சிரித்தது. இரண்டு தடவை இருளப்பன் மெத்தையில் விழுந்தான். இரண்டு தடவையும் நான் வாயைத் திறப்பதற்குள் துள்ளி எழுந்துவிட்டான். மூன்றாவது தடவை காசிம் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். மல்லாக்க விழுந்தார். இருளப்பன் மேலே படுத்து அமுக்கினான். தோள் இரண்டும் மெத்தையில். நான் மண்டியிட்டேன். முழங்கால் மடங்கிவிட்டது. அந்த சந்தோஷத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"லாபம்!"

ஆமாம். அதுதான் என் வாயில் வந்தது.

நெல் அளந்தாலும் பொதி எண்ணினாலும் நம்மில் யார் "ஒன்று" என்று தொடங்குகிறோம்? லாபம், ரெண்டு, மூணு… நாற்பத்தொரு வருஷம் அப்படி எண்ணிய வாய். அதற்குக் குஸ்தி தெரியுமா, பொதி தெரியுமா?

கீழே கிடந்தவர் "ஒண்ணு"க்காகக் காத்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் ஊரை விட்டவர். பர்மாக்காரன் எண்ணுவது தெரியும், வெள்ளைக்காரன் எண்ணுவது தெரியும். அருப்புக்கோட்டை மண்டி எண்ணுவது தெரியாது. யாரோ என்னவோ கத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"ரெண்டு!" என்றேன். அவர் கண் இரண்டும் என் முகத்துக்குத் தாவின. ஒன்று எங்கே போயிற்று? அவசரமாக மூச்சை இழுத்தார்.

"மூணு!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

ரோஸியம்மாள் பழக்க தோஷத்தில், காசிம் பாய் ஜெயித்தால் வாசிக்கிற மெட்டைத் தொடங்கிவிட்டாள். நாலு சுரம் போனதும் நிமிர்ந்து பார்த்தாள். கை நின்றுவிட்டது.

காசிம் பாய் மெத்தையில் எழுந்து உட்கார்ந்தார். "என்ன சார் சொன்னீங்க?"

"லாபம்னு…"

"யாருக்கு?"

முன்வரிசை சிரித்தது. "பாய், லாபம்னா ஒண்ணு. பழக்கத்துல வந்திருச்சு. நான் தப்பா எண்ணிட்டேன்னு இப்பவே சொல்லிர்றேன். மறுபடி ஆடுங்க" என்றேன்.

இருளப்பன் என்னைவிடப் பயந்துபோயிருந்தான். "பாய், நீங்க எந்திரிச்சிருவீகன்னுதான் நினைச்சேன். வேணும்னு அமுக்கலை. வேணும்னா நான் ஒருக்கா படுத்துக்கிருதேன், நீங்க அமுக்குங்க!"

காசிம் பாய் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்த ஊருல லாபம்னா ஒண்ணா?"

"ஆமா!" என்று தட்டி அதிர ஒரு சத்தம்.

முன்வரிசையில் இருந்த நெசவாளர் ஒருவர் எழுந்தார். "நாங்க வீட்டுல கன்னடத்துல எண்ணுறவுக பாய். மனசுக்குள்ள அதுலயும் எண்ணிப் பாத்தேன். அதுலயும் மூணு முடிஞ்சிருச்சு."

காசிம் பாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம்? நான் பதினொன்று எண்ணினேன்—இந்தத் தடவை மனசுக்குள். தப்பித்துக்கொள்ள நானே வழி சொல்லியாயிற்று. அவர் அந்த வழியில் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. போகவில்லை. எழுந்தார். இருளப்பனின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"உங்க ஊருக்கு வந்து ஆடுனா உங்க எண்ணுதான். நான் தோத்தாச்சு!"

பாலவனத்தத்து ஆட்கள் இருளப்பனைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் நான் கவனித்தது வேறு. மூன்று மாதமாக இந்த ஊரில் அந்தப் பயில்வானை ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. தூரத்தில் நின்று தோளையும் தொடையையும் பார்ப்போம், போய்விடுவோம். அன்று சாயங்காலம் மட்டும் நாலு வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். தோற்காத மனிதனை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். விழுந்தவனைத்தான் "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறோம். ஏன் இப்படி இருக்கிறோமோ… தெரியவில்லை.

சரி, நாலு வீட்டுச் சாப்பாடு எத்தனை நாளைக்கு வரும்? அவர் கூடவே நடந்து வந்த பேரை நான் அல்லவா மூன்றே சொல்லில் பறித்துவிட்டேன்? செவ்வாய்க்கிழமை காலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

பேட்டைக்குப் பின்னால் உள்ள அறையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மசிப்புட்டி. சுற்றிலும், வருகிற வெள்ளிக்கிழமைத் திருச்சுழி ஷோவுக்கு முன்பே அச்சடித்து வைத்திருந்த நோட்டீசு. முந்நூற்று இருபது. "தோல்வியே அறியாத ரங்கூன் பயில்வான்" என்று கொட்டை எழுத்து.

"பாய்…" என்று தொடங்கினேன்.

அவர் ஒரு நோட்டீசை என்னிடம் நீட்டினார். "தோல்வியே அறியாத" என்பதைக் கோடு போட்டு அடித்திருந்தார். அதற்கு மேலே, கோணல் கையெழுத்தில், "பாலவனத்தம் இருளப்பனிடம் மட்டுமே தோற்ற" என்று எழுதியிருந்தது.

"வெறுமனே அடிச்சா போதாதா?" என்றேன்.

"அடிச்சாப் பொய்யி போயிரும் சார். கூட்டம் வருமா? இதைப் படிச்சான்னா, எங்க ஊருல இருளப்பன் இல்லையான்னு அவனவன் ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவான். வண்டி கட்டிக்கிட்டு வருவான்!"

சிரித்தார். பிறகு பேனாவை மசியில் தொட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பேரு ஒண்ணும் போகலை சார். கொஞ்சம் நீளமாயிருச்சு, அவ்வளவுதான்."

நான் நூற்று அறுபது நோட்டீசை எண்ணி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்—தோற்கடித்தவன் எழுதியாவது கொடுக்க வேண்டாமா?