மூன்றாம் தடவை

முதல் தடவை வருகிறவரை மூர்த்தி ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அப்பறம் வா" என்பார். இரண்டாம் தடவை பேர், ஊர் கேட்பார். மூன்றாம் தடவைதான் அவர் காவல் காக்கும் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் கதவு திறக்கும். புதுக் கோட்டில் வந்த முதலாளி ஷபீ அஹமது சாயபுவையே ஒருமுறை திருப்பி அனுப்பப் பார்த்தவர்.

கெட்ட மனிதர் இல்லை. அவருடைய சாமி அப்படி. கிருத்திகைதோறும் மலையேறி முருகனைக் கும்பிடுவார். முதல் கிருத்திகையில் பேரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அடுத்ததில் ஊர். வேண்டுதல் மூன்றாவதில்தான். "தாசில்தாரே மூணு தபா நடக்க வெக்கிறாரு. சாமி அவருக்கு இன்னா கம்மியா?" என்பது அவர் கட்சி. மனைவியின் பிரசவத்துக்கும் இப்படித்தான் ஏறத் தொடங்கினார். மூன்றாம் கிருத்திகைக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. ஆனாலும் ஏறிப்போய், நல்லபடி பிறக்க வேண்டும் என்று கேட்டு முடித்துவிட்டே வந்தார். பாதியில் விட்டால் சாமி என்ன நினைக்கும்?

ஐப்பசியில் ஒருநாள், மாதனூர் எல்லம்மா ஆறு கட்டு ஆவாரம் பட்டையைக் கதவுக்கு வெளியே இறக்கியிருந்தாள். தோல் பதனிட அதுதான் வேண்டும். நனைந்து கறுத்தால் யாரும் தொடமாட்டார்கள். பத்து நாள் காடு சுற்றி உரித்தது. மலைக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலையில் அவள் ஒருமுறை கேட்டுப் போயிருந்ததால், மூர்த்தி இப்போது பேரும் ஊரும் விசாரித்தார். பிறகு, ஒரு நடை போய்விட்டு வரச் சொன்னார். சாமி முறையையும் விளக்கினார்.

எல்லம்மா நகரவில்லை.

"உங்க சாமி பெரிய எடம், அய்யா. எங்கம்மா வேப்பமரத்தடியில கெடக்கறா. கதவே கெடையாது. மழ வந்தா நனையறா."

"சாமி நனையுதா?"

"பின்ன? போன பொயலுக்கு இட்டாந்து என் குடிசையிலதான் வெச்சிருந்தேன். பேர், ஊரு ஒண்ணும் நான் கேக்கல."

மூர்த்தி வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. முதல் தூறல் விழுந்தது. அவர் கதவைத் திறந்துவிட்டார். எல்லம்மா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். இன்னும் ஐந்து.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, மூர்த்தி சரிகைத் தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதை உச்சந்தலையில் வைத்து, அடுத்த கட்டை ஏற்றிவிட வாகாக, அவள் முன்னால் தலையைக் குனிந்தார்.