கிழக்கே இருந்து வந்த கேசரி

முந்தாநாள் காலை கடையைத் திறந்து காற்றடிக்கிற பம்பை வெளியே எடுத்து வைக்கிறேன்... ஒருவர் வந்து நின்றார். வாடகை சைக்கிளுக்கு இல்லை. பஞ்சர் ஒட்டவும் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“இன்னாண்ணா, உன் வயித்துல இருந்து மருந்து எடுத்தாங்களாமே! எங்க போயி எடுத்த? எனக்கும் கொஞ்சம் வழி சொல்லேன்.”

“நாஷ்டா ஆச்சா?” என்று கேட்டேன்.

“வலி வந்ததுல இருந்து எங்க நாஷ்டா பண்றது!”

உள்ளே உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து இட்லி வரவழைத்துக் கொடுத்தேன். மனிதர் இட்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழி கேட்டவனுக்கு எவனாவது இட்லி கொடுப்பானா?

நான் கொடுப்பேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகள் சரசுவுக்குச் சாலவாக்கத்தில் சம்பந்தம் முடிவானது. பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதிர்ந்து பேசாதவன். சரசுவுக்குப் பிடித்துப்போனது என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. அன்றைக்கு ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள், நாங்களே தெரிந்துகொண்டோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேச்சு முடிகிற வரை பெண் வீட்டார் பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் கை நனைக்கிறது. ஒருமுறை நனைத்த கையை அப்புறம் இழுத்துக்கொண்டால், சம்பந்தமே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். நான் நன்றாகவே நனைத்தேன். சம்பந்தியம்மா தனபாக்கியம் தன் கையாலேயே கேசரி வைத்தாள். திருப்தியாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் பிடித்தது சனி. கல்யாணத்துக்கு அழைக்கக் கிளம்பினேன்.

அழைக்கிறது என்றால் லேசா? யாருக்கு முதலில் வெற்றிலைபாக்கு வைப்பது என்பதில் ஆரம்பிக்கும் சண்டை. ஐயங்கார்குளத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வழியில் மாமன் வீடு இருந்ததால் அங்கே ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போனது குற்றமாகிவிட்டது.

“எனக்கு முன்னாடி அவனுக்கா வெச்சே?”

“வழியில இருந்துச்சி சித்தப்பா...”

“ஓ! வழியில கீறவன்தான் ஒசத்தியா? அப்ப அவனையே வந்து முன்னாடி நிக்கச் சொல்லு. நான் பந்தலுக்கு வெளியே நின்னு பார்த்துட்டுப் போறேன்.”

அவரைச் சமாதானம் செய்தால் அத்தைக்குக் கோபம். அத்தையைச் சமாதானம் செய்தால் பங்காளிக்குக் கோபம். ராத்திரியானால் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள், வந்தவர்களில் யார் யாருடன் சண்டை போடுவார்கள் என்று மனசு பட்டியல் போடும். பகலெல்லாம் சைக்கிள் மிதி. சோற்றுக்கு நேரமில்லை. ஆனால் போன வீட்டிலெல்லாம் ஒரு டம்ளர் காப்பி கட்டாயம். வேண்டாமென்றால் அதற்குத் தனியாக ஒரு கோபம்!

இளைக்காமல் என்ன செய்வேன்?

இளைத்தவனைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா? டெய்லர் கோவிந்தன் கடைவாசலில் இருந்தே கூவினான்: “இன்னாய்யா, சட்டை மட்டும் தனியா நடந்து போவுது, உள்ள யாரும் இல்லியா?” டீக்கடைக்காரர் அதற்கு மேல்: “ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறே... உனக்கு எங்கியோ பஞ்சர் ஆயிட்டிருக்குதே, பார்த்தியா?” நல்ல பேச்சு எங்கே கிடைத்தாலும் மடியில் கட்டிக்கொள்கிறவன் நான். என் தலையிலேயே விழுந்தாலும் விடமாட்டேன்.

ஆனால் வலி வந்தபோது சிரிப்பு நின்றது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி. இரண்டு வாய் சோறு உள்ளே போனால் வயிறு நிரம்பின மாதிரி ஒரு அடைப்பு, அப்புறம் வலி. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். குறைத்தால் இன்னும் வலி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இளவட்டம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண் இமையை இறக்கிப் பார்த்தார், பொறுமையாகக் கேட்டார்.

“வலி வந்து இளைச்சீங்களா, இளைச்சு வலி வந்துதா?”

யோசித்துப் பார்த்தேன். “இளைச்சதுதாங்க மொதல்ல.”

“கவலையில சாப்பாட்டை விட்டீங்க. காலி வயித்துல காப்பியா ஊத்தினீங்க. அது சும்மா இருக்குமா? காப்பியை நிறுத்துங்க. சாதத்தைக் குழைய வடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. இந்த மருந்தையும் குடிங்க. அதுக்கும் கேட்கலைன்னா திரும்பி வாங்க, காஞ்சீபுரத்துக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பறேன்.”

சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் அக்கா கன்னியம்மா கல்யாண வேலைக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தாள். கேட்டதும் முகவாயில் கையை வைத்தாள்.

“இன்னாடா இது அநியாயம்! சோறு துன்னச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதைத்தானே நான் பொறந்ததுல இருந்து சொல்லிக்கினு கீறேன்!”

அவ்வளவுதான். டாக்டர் பேச்சு அன்றோடு முடிந்தது. வைத்தியம் என்றால் அதில் ஒரு கஷ்டம் இருக்க வேண்டாமா? சாப்பிடு என்று சொன்னால் எவன் மதிப்பான்? சாப்பிடாதே என்று சொல்கிறவனுக்குத்தான் இங்கே மரியாதை. ஒருவர் வந்து குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தேய்த்துவிட்டு, புளியை நிறுத்து என்றார். இன்னொருவர் வாயு என்று சொல்லிப் பருப்பை நிறுத்தினார். மோரை நிறுத்தியது யார் என்று இப்போது ஞாபகமில்லை. இப்படி ஆளுக்கொன்றாக என் இலையிலிருந்து எடுத்துக்கொண்டே போய், கடைசியில் வாழையிலை மட்டும் பாக்கி. அதையும் ஆடு தின்றது.

எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அக்கா தீர்ப்புச் சொன்னாள். “இது நோவு இல்ல. உனக்கு யாரோ மருந்து வெச்சிருக்காங்க.”

சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்து ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்வார்களாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அதை வெளியே எடுக்க வாலாஜாபாத் தாண்டி ஒருவர் இருக்கிறார் என்றாள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். அதில் எனக்குச் சிரமமே இல்லை.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எந்த ஊர், என்ன விசேஷம், எங்கே சம்பந்தம், அங்கே என்ன சாப்பாடு, எதுவும் பாக்கியில்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார். ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்தார். தொப்புளில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். தாம்பாளத்தில் துப்பினார். கறுப்பாக, மயிர் சுற்றின மாதிரி, ஒரு உருண்டை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் என் வயிற்றில் குடியிருந்தது என்றால் எனக்குக் கொஞ்சமாவது அறிமுகம் இருக்க வேண்டாமா?

“இனிப்புல வெச்சிருக்காங்க,” என்றார். “பொம்பளை கை. உன் வூட்டுக்குக் கிழக்கால.”

அக்கா மலைத்துப்போனாள். “எப்படிப் புட்டுப் புட்டு வெக்கிறாரு பாரு! கிழக்கால சாலவாக்கம். இனிப்பு கேசரி. அவதாண்டா, அந்தத் தனபாக்கியம்தான்!”

“அக்கா, பொண்ணையே குடுத்துட்டேன். இன்னும் என்னைக் கைக்குள்ள போட்டு அவங்களுக்கு இன்னா ஆவணும்? சைக்கிளுக்கு ஓசியில காத்தடிச்சிக்கவா?”

“உனக்கு விவரம் பத்தாது. இனிமே அந்த வூட்ல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது.”

அவரும் அதையேதான் பத்தியமாகச் சொல்லி அனுப்பினார். உப்பில்லாத கஞ்சி. வெளியே எங்கேயும் கை நனைக்கக் கூடாது. என் வயிற்றுவலி அப்படியே இருந்தது. புதிதாகக் கல்யாணத்துக்கு வலி வந்துவிட்டது.

ஏனென்றால், பொங்கல் கழிந்து பந்தக்கால் நட நாள் பேச நாங்கள் சாலவாக்கம் போயாக வேண்டும். போனால் இலை போடுவார்கள். சாப்பிட்டால் அக்கா கணக்கில் நான் செத்தேன். சாப்பிடாவிட்டால் சம்பந்தம் செத்தது. என் மனைவி இரண்டுக்கும் நடுவில் நின்று அழுதாள். சரசு அழவில்லை. கிளம்புகிற அன்று காலையில் வாசற்படியில் நின்று சொன்னாள்:

“நைனா, நீ அந்த வூட்ல சாப்டலேன்னா நான் இந்த வூட்ல சாப்டமாட்டேன். அவ்ளோதான்.”

அவள் சொன்னால் செய்வாள். என்னை மாதிரி இல்லை.

அக்காவும் நானும் பஸ் ஏறினோம். பெண் வீட்டு முறைக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம். சாலவாக்கத்தில் இறங்கினால், கூட்டிப்போகச் சம்பந்தி முனுசாமி நிற்கிறார். ஆளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இளைத்துப்போன தோளில் துண்டு நிற்கவில்லை, வழுக்கி விழுகிறது! அவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நாள் பேசினோம். இலை போட்டார்கள். எனக்கும் அவருக்கும் எதிரெதிரே. சோறு, சாம்பார், பொரியல், ஓரத்தில் அவர்கள் வீட்டுக் கேசரி, பக்கத்தில் எங்கள் வீட்டு அதிரசம். அக்கா என் பின்னால் நின்று இருமினாள். அவருக்குப் பின்னால் அவர் தங்கை நின்று இருமினாள்.

நான் கேசரியைப் பார்த்தேன். அவர் அதிரசத்தைப் பார்த்தார். இலைக்குள் பாம்பு கிடந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பரிமாறின கரண்டியோடு தனபாக்கியம் நின்றாள். அவள் முகம் மாறத் தொடங்கியது. சரசு இந்நேரம் அங்கே பட்டினியாக உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னா சம்மந்தி, நீங்க கை வெக்கலியே?” என்றேன்.

“வயிறு கொஞ்சம் பேஜாரா கீது. நீங்க?”

“எனக்கும் அப்படித்தான்.”

அப்புறம் அவரே குரலைத் தாழ்த்தினார். “வாலாஜாபாத்து பக்கம் போனீங்களா?”

“போனேன். நீங்களுமா?”

“பித்தளைக் குழாயி?”

“ஆமா. கறுப்பா ஒண்ணு.”

“மயிரு சுத்திக்கினு?”

“சுத்திக்கினு!”

“எனக்கு மேற்கால இருந்து வந்த பலகாரம்னாரு,” என்றார் முனுசாமி, அதிரசத்தின் மேல் கண்ணை வைத்தபடியே.

சாலவாக்கத்துக்கு மேற்கே யார் இருக்கிறார்கள்? நாங்கள்தான்!

தனபாக்கியம் கரண்டியை ‘ணங்’ என்று பாத்திரத்தில் போட்டாள். “ஓகோ... நான் வெச்சேன்னு நீங்க, நீங்க வெச்சீங்கன்னு எங்கூட்டு ஆளு! ரெண்டு பேரும் பத்தியம் கீறீங்க. அதான் ரெண்டும் சுள்ளி கணக்கா காஞ்சிக்கினு வருது! யோவ், ஊர் ஊரா அழைக்கப் போறேன்னு காப்பியைக் குடிச்சிட்டு வந்து கவுந்து படுத்தியே, அதை அந்த ஆளுகிட்ட சொன்னியா?”

“அவரு கேக்கலியே...” என்றார் முனுசாமி.

ஆண்கள் பந்தியில் பெண்கள் உட்காருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தனபாக்கியம் ஒரு இலையை உதறிப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். அதே பாத்திரத்துக் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தூக்கிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தாள்.

“நான் சாவல. நீ துன்னுய்யா. அண்ணா, நீங்களும் கை வெய்யுங்க. பாவம், புள்ளைங்க ரெண்டும் இன்னா பண்ணிச்சிங்க?”

நான் கையை வைத்தேன். அக்கா இருமிப் பார்த்தாள். இருமட்டும்! முனுசாமி அதிரசத்தை எடுத்தார். அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டது பயத்திலா, பசியிலா என்று கேட்கவில்லை. நானும் அப்படித்தான் தின்றேன்.

வலி அன்றைக்கே போய்விடவில்லை. அன்று சாயங்காலமும் முறுக்கியது. ஆனால் காப்பியை விட்டேன், குழைந்த சோற்றைப் பிடித்தேன், டாக்டர் பாட்டிலைத் தூசு தட்டி எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அக்கா மட்டும் மசியவில்லை. “அவரு எடுக்கலேன்னா இந்தச் சோறு உனக்கு எறங்குமா?” என்கிறாள். அவள் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது; வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு ஆள் வருகிறது.

யோசித்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. நமக்கு ஒரு நோவு வந்தால் காரணம் மட்டும் போதாது. ஒரு ஆள் வேண்டும். கவலை, பட்டினி, காப்பி... இவற்றோடு தெருவில் நின்று சண்டை போட முடியுமா? சம்பந்தியோடு என்றால் போடலாமே!

கல்யாணம் தையிலேயே நடந்தது. சித்தப்பா பந்தலுக்கு உள்ளேதான் நின்றார். சரசு மாமியார் வீட்டுக்குக் கிளம்பி, வண்டியில் ஏறும்போதுதான் கண் கலங்கினாள்.

“அத்தே, நைனா அங்க வந்தா சாப்டாம அனுப்பாதீங்க.”

“மருந்து வெச்சிக் குடுத்துடப் போறேன், பார்த்துக்கோ,” என்றாள் தனபாக்கியம்.

சரசு அழுகையோடு சிரித்தாள். “கொஞ்சம் தூக்கலாவே வெய்யுங்க அத்தே. அப்பதான் அடிக்கடி வருவாரு.”

இப்போது வாரம் தவறாமல் சாலவாக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ‘பார்த்தியா, மருந்து வேலை செய்யுது’ என்கிறாள் அக்கா.